அந்தப் பொத்தானை யாரும் அமுக்கக் கூடாது

கடலூர் முதுநகர்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

சார்ஜாவில் இருக்கும் என் கொழுந்தனார் தம்பி இளவரசுக்கு அண்ணி அஞ்சலாட்சி எழுதுவது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அந்த ஊர் வெயிலுக்கு வாடாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்கப் பாடலீஸ்வரர் துணை இருக்கட்டும். இதற்கு அடுத்த வரியில் இங்கே நானும் நலம் என்று எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். வீட்டுக்காரர் போன பிறகு அந்த வரியில் என்ன எழுதுவது என்று அஞ்சாவதில் சொல்லித் தரவில்லை. அதனால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசினால் என்ன என்று கேட்பீர்கள். போனை எடுத்தாலே எனக்கு அழுகை வந்துவிடுகிறது. போன வாரம் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் முழுக்க நான் மூக்கு சிந்திய சத்தம்தான் இருந்தது என்று தங்கச்சி சொன்னாள். பேனாவில் அந்தத் தொந்தரவு இல்லை. காகிதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு எழுதினால் போதும், நனையாது.

விஷயம் இதுதான். நீங்கள் ஜவுளிக்கடை ஜமாலுதீன் அண்ணனுக்குப் போன் போட்டு, கண்டிப்பான குரலில், எங்கள் அண்ணனுடைய ஸ்டாப் வாட்ச்சை இனிமேல் அண்ணியிடம் கேட்கக் கூடாது, அதன் பொத்தானை அமுக்கச் சொல்லவும் கூடாது என்று சொல்லிவிட வேண்டும். நான் சொன்னால் தங்கச்சி தங்கச்சி என்று குழைகிறார். ஆம்பளைக் குரல், அதுவும் வெளிநாட்டுப் போன் என்றால் ஒரு மரியாதை இருக்கும்.

அந்த வாட்ச் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கறுப்பு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், கழுத்தில் மாட்டச் சிவப்பு நாடா. சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வந்தால் பகலெல்லாம் கட்டை மாதிரி தூங்குகிற உங்கள் அண்ணன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழி கூவும் முன்பே குளித்து, அதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊர்ப் பிள்ளைகள் ஓடுவார்கள், இவர் பந்தயம் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் நின்று யார் எவ்வளவு நேரத்தில் வந்தார்கள் என்று பிடிப்பார். 'நீங்களும் ஓடுனா தொப்பையாவது கொறையும்ல' என்று கேட்டிருக்கிறேன். 'ஓடுறதுக்கு ஊர்ப்பட்ட ஆளு இருக்கு. வெயில்ல நின்னு நேரம் புடிக்கத்தான் ஒருத்தனும் வர மாட்டேங்குறான்' என்பார். மாசி மாதம் அப்படித்தான் போனார். கோட்டுக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஜமாலுதீன் அண்ணன் என் கையில் செருப்பையும் கண்ணாடியையும் வாட்ச்சையும் கொடுத்தார். மற்ற இரண்டும் சும்மா இருந்தன. வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது தம்பி.

பந்தயம் தொடங்கும்போது அவர் அமுக்கி ஓட விட்டது. நிறுத்துவதற்குள் அவர் போய்விட்டார். ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கி வரச் சொன்னால் கூட அதை அரைகுறையாகச் செய்யாத மனிதர், இந்த ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதை நான் எந்தக் கையால் நிறுத்துவது? படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டி, விளக்கேற்றும்போது அதற்கும் ஒரு பூ வைத்துவிடுகிறேன். அது பாட்டுக்கு ஓடுகிறது.

அதில் வலது பக்கம் ஒரு பொத்தான், இடது பக்கம் ஒரு பொத்தான். வலது பக்கத்தை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நின்றுவிடும். அந்தப் பக்கமே நான் போவதில்லை. இடது பக்கத்தை அமுக்கினால், எண் வெளியே மட்டும் நிற்கும், உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி அமுக்கினால் ஓடுகிற எண் திரும்ப வந்துவிடும். வெளியே நின்றுவிட்டு உள்ளே எப்படி ஓடும் என்று சென்னையில் இருக்கும் உங்கள் அண்ணன் மகள் அருள்மொழிக்குப் போன் போட்டுக் கேட்டேன். 'உன்ன மாதிரிதாம்மா' என்று சொல்லிவிட்டு அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். கேட்ட கேள்விக்கு விளக்கம் இன்னும் வரவில்லை.

இன்னொரு குழப்பம். வாட்ச் பத்து மணி நேரம் ஓடினால் திரும்பவும் சைபரிலிருந்து ஆரம்பிக்கிறது. இது தெரியாமல் முதல் தடவை பார்த்தபோது நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் பாம்பு என்று நினைத்துக் கழியோடு வந்துவிட்டார்கள். இப்போது பழகிவிட்டது. பக்கத்தில் இல்லாவிட்டால் மனசு அடித்துக்கொள்கிறது என்று போகிற இடத்துக்கெல்லாம் எடுத்துப் போகிறேன். பேங்கில் பாஸ்புக்கில் பெயர் மாற்றப் போயிருந்தேன். 'எவ்ளோ நேரமா ஒக்காந்திருக்கீங்கம்மா?' என்று கவுண்டரில் இருந்த பிள்ளை கேட்டான். நேரம் கேட்கிறானே என்று கையில் இருந்ததைப் பார்த்து, 'ஆறு மணி நேரம் அம்பது நிமிஷம்' என்றேன். 'பேங்க் தொறந்தே ஒரு மணி நேரந்தானம்மா ஆவுது' என்றான். வாட்ச்சைத் திருப்பிக் காட்டினேன். அதைப் பார்த்தான், என் நெற்றியைப் பார்த்தான், எழுந்து போய் மேனேஜர் கையெழுத்தை அவனே வாங்கி வந்துவிட்டான். நல்ல பிள்ளை.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் போன வாரம் ஜமாலுதீன் அண்ணன் வந்து நின்றார். ஓட்டக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தானே செயலாளர். 'தங்கச்சி, ஞாயித்துக்கெழம செதம்பரத்துல பந்தயம். நேரம் புடிக்க நம்மள கூப்புட்டிருக்காங்க. சங்கத்து வாட்சு மழையில நனைஞ்சு கண்ணத் தொறக்க மாட்டேங்குது. மச்சான் வாட்ச குடும்மா' என்றார். புதுசு வாங்கினால் என்ன என்றேன். 'ஆன்லைன்ல போட்டேன், காய்கறி எடை போடுற தராசு வந்துது' என்றார். போனில் பிடிக்கலாமே என்றேன். 'ஓடும்போது என் மாமியா கால் பண்ணிட்டா யாரு பதில் சொல்றது?' என்றார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். கடைசியில் நான், வாட்ச் வரும், ஆனால் என் கையில்தான் வரும், வலது பொத்தானை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். ஓடுகிற வாட்ச் ஓடட்டும். பந்தயம் தொடங்கும்போது இடது பொத்தானை அமுக்கினால் ஒரு எண் நிற்கும், அதை அவர் எழுதிக்கொள்வார். நான் மறுபடி அமுக்கி ஓட விட வேண்டும். முதல் ஆள் வந்ததும் திரும்ப அமுக்கினால் இன்னொரு எண். இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் ஓடிய நேரம். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் குதித்ததில் என் கட்டை விரல் பொத்தானில் பட்டு, கீக் என்று சத்தம் வந்து, எண் நின்றுவிட்டது. நான் 'ஐயோ நின்னுடுச்சே' என்று கத்தியதில் டிரைவர் பிரேக் அடித்து, முன்னால் நின்றவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து, முட்டைக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஜமாலுதீன் அண்ணன் ஓடி வந்து பார்த்து, இடது பொத்தான்தான் என்று மறுபடி அமுக்கி ஓட விட்டார். 'என்னா பாய், ஒடம்புக்கு எதுனா மெஷினா?' என்று கண்டக்டர் கேட்டார். 'ஆமாங்க, ஹார்ட்டு மெஷினு' என்று அண்ணன் வாய் கூசாமல் சொல்லிவிட்டார். அப்புறம் சிதம்பரம் வரைக்கும் எனக்கு ஜன்னல் சீட்டு, குடிக்கத் தண்ணீர், ஒரு பெரியவர் விசிறி விட்டுக்கொண்டே வந்தார்.

மைதானத்தில் இறங்கியதும் ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, 'புள்ளைங்க மொத மொதல்ல ஓடப் போற எடத்துல இவுங்கள கொண்டாந்து நிறுத்துறீங்களே' என்றாள். எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. ஜமாலுதீன் அண்ணன், 'அவுங்க ஆரம்பிக்கிற எடத்துல நிக்கலம்மா. முடியிற எடத்துல நிக்கிறாங்க. ஒங்க புள்ள அங்க வந்து சேந்தா பாத்துக்கலாம்' என்றார். இதை மட்டும் நன்றாகத்தான் சொன்னார்.

முதலில் ஐயாயிரம் மீட்டர், பையன்களுக்கு. துப்பாக்கி வெடித்தது. அமுக்கினேன். அண்ணன் எழுதிக்கொண்டார். ஓட விட்டேன். சுற்றிச் சுற்றி ஓடினார்கள், எனக்குத் தலை சுற்றியது. சித்தார்த் என்று ஒரு பையன் முதலில் வந்து கோட்டைத் தொட்டான். அமுக்கினேன். அண்ணன் கழித்தல் போடக் காகிதத்தை முட்டியில் வைத்துப் பேனா மூடியைத் திறக்கிறார். அதற்குள் மைக் வைத்திருந்த சார் ஓடி வந்து என் கையில் தெரிந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் போய், 'முதலிடம் பெற்ற செல்வன் சித்தார்த் எடுத்துக்கொண்ட நேரம், ஏழு மணி நேரம் நாற்பது நிமிடம் பதினோரு விநாடி' என்று முழங்கிவிட்டார். ஜனங்கள் முதலில் கையைத் தட்டிவிட்டார்கள். அப்புறம்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் இருந்த சிறப்பு விருந்தினர் மட்டும் பார்க்கவில்லை. எழுந்து, 'ஏழு மணி நேரம் சோறு தண்ணி இல்லாம ஓடுன இந்தத் தம்பி மாதிரி இளைஞர்கள்தான் நாட்டுக்குத் தேவை' என்று பேச ஆரம்பித்துவிட்டார். பையனின் அம்மா கூட்டத்திலிருந்து எழுந்து, 'எம்புள்ள ஏழரைக்குத்தான் ஒக்காந்து இட்லி தின்னான்! இப்ப மணி ஒம்போதே கால்! ஏழு மணி நேரம் எங்கேர்ந்துய்யா வந்துது?' என்று மேடையை நோக்கி நடந்தாள். சிறப்பு விருந்தினர் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்.

ஜமாலுதீன் அண்ணன் கழித்த காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, மன்னிப்புக் கேட்டு, ஒரு வழியாகச் சமாதானம் ஆனது. அத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு இவ்வளவு எழுத மாட்டேன். பதினோரு மணிக்கு மேல் பெண்பிள்ளைகளுக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். துப்பாக்கி வெடிக்கும்போது வாட்ச்சில் ஒன்பது மணி நேரம் ஐம்பத்தாறு நிமிடம். நீங்கள் படித்தவர், உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்கும் அண்ணனுக்கும் புரியவில்லை. பிள்ளைகள் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்து மணி நேரம் ஆகி, வாட்ச் சைபருக்குப் போய்த் திரும்ப ஆரம்பித்துவிட்டது. இலக்கியா என்கிற பெண் முதலில் வந்தபோது அமுக்கினேன். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி என்று காட்டுகிறது. இரண்டு நிமிடத்தில் ஒன்பது மணி நேரத்தை எப்படிக் கழிப்பது? அண்ணன் பக்கத்தில் கடன் வாங்கிப் பார்க்கிறார், அதற்கும் பக்கத்தில் வாங்கிப் பார்க்கிறார், காகிதம் முழுக்க அடித்தல் திருத்தல். 'தங்கச்சி, இந்தப் பொண்ணு கெளம்புறதுக்கு முன்னாடியே வந்து சேந்துட்டா மாதிரி கணக்கு வருதே' என்கிறார். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெண்ணையே பார்க்கிறோம்.

மைக் சார் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 'இரண்டு நிமிடம் நாற்பது விநாடி! உலகத்தில் இதுவரை எவரும் ஓடாத வேகம்!' என்று அறிவித்துவிட்டார். அவ்வளவுதான். இலக்கியாவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். யாரோ பேப்பர்காரருக்குப் போன் போட்டு, அவரும் கேமராவோடு வந்துவிட்டார். அந்தப் பெண் மேலே இருந்தபடியே, 'சார், எறக்கி வுடுங்க சார். நான் நடுவுல ஷூ லேஸ் கட்ட நின்னேன் சார்' என்று கெஞ்சுகிறாள். 'நின்னுமே இந்த வேகமா!' என்று இன்னும் உயரமாகத் தூக்கினார்கள்.

உண்மை தெரிந்தபோது மொத்தக் கூட்டமும் எங்கள் பக்கம் திரும்பியது. பந்தயம் நடத்துகிறவர்களில் ஒருவர், 'மொதல்ல அந்த வாட்ச நிறுத்தி சைபர் பண்ணுங்க, குடும்மா இங்க' என்று கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் இரண்டு கையாலும் மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். ஜமாலுதீன் அண்ணன் நடுவில் வந்து நின்று, 'தப்பு எம்மேல. கணக்குல நாந்தான் கோட்ட வுட்டேன். அவுங்க கிட்ட போவாதீங்க' என்றார். நேரம் பிடிக்கிறவர் என்று சட்டையில் குத்தியிருந்த பேட்ஜை அவரிடமிருந்து கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இனிமேல் சிதம்பரம் பக்கம் வர வேண்டாம் என்று அத்தனை பேர் எதிரில் சொன்னார்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். கழித்தல் தெரியாமல் வந்தது அவர் தப்புத்தானே, அவரே ஒத்துக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். நம் வீட்டு வாசலில் வந்து, 'தங்கச்சி, போதும்மா, நிறுத்திடு. அது ஓடி என்னா ஆவப் போவுது?' என்றார். எனக்கு வந்ததே கோபம். 'ஒங்க மச்சான் ஓட வுட்டதுண்ணே. அத நிறுத்தச் சொல்ல நீங்க யாரு?' என்று கேட்டுவிட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். மனசில் ஈரம் இருக்கிற மனிதர் இப்படிக் கேட்பாரா? உங்கள் அண்ணனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர், போன ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். அதனால்தான் தம்பி நீங்கள் போன் போட வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பேட்டரி என்றைக்காவது தீர்ந்துவிடும் என்று அருள்மொழி பயமுறுத்துகிறாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே, நிற்காமல் பேட்டரி மாற்றுகிற ஆள் சார்ஜாவில் இருப்பாரா? அங்கேதான் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார்களே. விசாரித்துச் சொல்லுங்கள்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் தமிழ் மறக்காமல், நோய்நொடி அண்டாமல், பெரிய பேரெடுத்து வாழ வேண்டும். உங்கள் அண்ணன் இருந்தால் இந்த இடத்தில் நாலு வரி அவர் கையால் எழுதுவார். அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி,
அஞ்சலாட்சி.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்த பிறகுதான், உறை மேல் உங்கள் விலாசத்தை இங்கிலீஷில் எழுத ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்தது. இந்தத் தெருவில் உங்கள் விலாசம் வைத்திருப்பவர் ஜமாலுதீன் அண்ணன் ஒருத்தர்தான். சண்டை வேறு, விலாசம் வேறு என்று கூப்பிட்டு அனுப்பினேன். வந்தார், உட்கார்ந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். சும்மா இருந்திருக்கலாம். நான், 'அண்ணே, ஒண்ணு கேக்குறேன். அவரு கடேசியா அமுக்குனாரே, அது கட்டை வெரலாலயா, ஆள்காட்டி வெரலாலயா?' என்று கேட்டேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது.

சார்ஜா என்று பாதி எழுதியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 'கட்டை வெரலு. ஆனா அது ஓட வுடறதுக்கு இல்ல தங்கச்சி, நிறுத்துறதுக்கு' என்றார். எனக்குப் புரியவில்லை. 'மொத ஆளு கோட்டத் தொட்டான். மச்சான் கரெக்டா நிறுத்துனாரு. நேரத்தப் படிச்சு சொன்னாரு, நான் எழுதுனேன். எழுதிட்டியான்னு கேட்டாரு. அப்புறந்தான் சாஞ்சாரு' என்றார். அப்படியானால் ஓடுவது யாருடையது என்றேன். 'என்னுதும்மா. வண்டியில ஏத்துனதும், எவ்ளோ நேரமாச்சுன்னு டாக்டர் கேப்பாரேன்னு சைபர் பண்ணி நாந்தான் ஓட வுட்டேன். வேற என்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. அங்க யாரும் கேக்கல. அப்புடியே ஒங்கிட்ட குடுத்துட்டேன். மறுவாரம் வந்து பாத்தா நீ அதுக்குப் பூ வெச்சிருக்க. எப்புடிச் சொல்லுவேன்?'

'செதம்பரத்துல மைக்குல மானம் போச்சே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே' என்றேன். 'சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீ ரெண்டு கையாலயும் மூடி வெச்சுகிட்டு நின்ன' என்றார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் வாட்ச்சை ஆணியிலிருந்து எடுத்து, 'நீங்க ஓட வுட்டது, நீங்களே நிறுத்துங்கண்ணே' என்று அவர் கையில் கொடுத்தேன். வலது பொத்தான் மேல் கட்டை விரலை வைத்தார். வைத்தபடியே இருந்தார். கீக் சத்தம் வரவில்லை. 'அப்புறம் பாத்துக்கலாம் தங்கச்சி' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கும் அவசரம் இல்லை என்று வாங்கி மாட்டிவிட்டேன்.

ஆகவே தம்பி, மேலே அவரைப் பற்றி எழுதியது எதையும் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். அவருக்குப் போன் போட வேண்டாம். போட்டால் கண்டிப்பான குரல் வேண்டாம், சாப்பிட்டாரா என்று கேளுங்கள். வேறு கடிதம் எழுதலாம் என்றால் காகிதம் தீர்ந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், தானே தபால் பெட்டியில் போட்டுவிடுவதாக வாசலில் நிற்கிறார். ஐப்பசியில் கடலூரிலேயே பந்தயம் வைக்கிறார்களாம். அங்கிருந்து ஊருக்கு வருகிறவர்கள் யாராவது இருந்தால் ஸ்டாப் வாட்ச் இரண்டு கொடுத்தனுப்புங்கள். ஒன்று ஜமாலுதீன் அண்ணனுக்கு. ஒன்று எனக்கு, பொத்தான் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.